மூன்று வருடம் பொறுத்தால் என்ன?

2007 ஜனவரி 1. இந்தத் தேதிக்கு முன்னால் பிறந்தவன் நான், பின்னால் பிறந்தவன் என் தம்பி. 2022 ஜூலையில் அப்போதைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் மக்களவைக்குக் கொண்டுவந்த மசோதா எங்கள் வீட்டுக்கு நடுவிலேயே கோடு போட்டது. அந்தத் தேதி தொட்டுப் பிறந்தவர்களுக்குச் சிகரெட்டோ வேப்போ என்றைக்குமே விற்கக்கூடாது என்றது. கோடு நிற்கவில்லை. 2023 நவம்பரில் டாக்டர் ஜலிஹா முஸ்தபா கொண்டுவந்த மசோதாவில் அந்தத் தலைமுறைத் தடை இல்லை. அது அரசியலமைப்பின் 8-வது பிரிவுக்கு முரணாகும் என்ற சட்டத்துறைத் தலைவரின் கருத்தே காரணமாகச் சொல்லப்பட்டது. 2024 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கும் 852-வது சட்டத்தில் வரம்பு 18 வயதுதான்.

8-வது பிரிவு, சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிறது. என் தம்பி அதைப் படித்தவன் இல்லை. ஆனா அதே வாதத்தைத்தான் என்கிட்ட வச்சான். "அண்ணே, நீ ஊதலாம், நான் ஊதக்கூடாதா?"

கேள்வி நியாயமானது. 60 வயதுக்காரர் வாங்கலாம், 59 வயதுக்காரர் வாங்கக்கூடாது என்று ஒருநாள் வந்து நின்றிருக்கும். பிறப்பை வைத்து ஆளைப் பிரிக்காதே என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள் நாம். பிறந்த தேதியை வைத்துப் பிரித்தால் மட்டும் சரியா?

ஆனால் வயது வரம்பு வேறு விஷயம். அந்தப் படியை எல்லாரும் ஒரே மாதிரி காத்திருந்து தாண்டுகிறோம். மது வாங்கும் வயதை 2017 டிசம்பரில் 18-லிருந்து 21 ஆக்கினார்கள். சமத்துவம் போச்சு என்று யாரும் அலறவில்லை. சிங்கப்பூரில் சிகரெட்டுக்கு 2021 முதல் 21. நாமும் அப்படிச் செய்திருக்கலாமே?

"18 வயசுல ஓட்டுப் போடலாம், சிகரெட் வாங்கக்கூடாதா?" என்று ஹாஸ்டல் நண்பர்கள் மடக்குவார்கள். தப்பாகப் போட்ட ஓட்டை அடுத்த தேர்தலில் மாற்றிப் போடலாம். நிக்கோட்டின் அப்படி விடாது. ஆன் செய்யலாம், ஆஃப் செய்ய முடியாது என்றால் அந்த சுவிட்சை எந்த இன்ஜினியரும் பாஸ் பண்ண மாட்டான். சுதந்திரம் என்று சொல்லித்தான் முதல் சிகரெட்டை எடுக்கிறோம். இருபதாவதை எடுக்கும்போது அந்தச் சுதந்திரம் எங்கே போனது?

இன்னொன்று. 17 வயதுப் பையன் கடைக்குப் போவதே இல்லை, அவனுக்கு அண்ணன்கள் இருக்கிறார்கள். படிவம் ஐந்து மாணவனுக்கு 18 வயது ஆள் பக்கத்திலேயே இருக்கிறான், படிவம் ஆறில். 21 வயதுக்காரன் அந்தப் பள்ளியில் கிடையாது. வரம்பை உயர்த்தச் சொல்வதில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. சபாக்கில் எங்கள் தோட்டத்து ஒட்டுக்கடையில் தாத்தாவுக்குச் சுருட்டு வாங்கி வந்தவன் நான். கடைக்காரர் என் வயதைக் கேட்டதே இல்லை. பிறகு பல்கலைக்கழகம், ஹாஸ்டல், சிகரெட். 2023 தீபாவளி லீவில் மோட்டார் சீட்டுக்கு அடியில் என் பாக்கெட்டை வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். தம்பிக்கு 16 வயது. அவனுடைய முதல் சிகரெட் அதிலிருந்துதான் போனது. அவனுக்கு விற்றால் கடைக்காரருக்கு அபராதம். என்னை யார் கேட்டார்கள்? அம்மாவுக்கு இன்னமும் தெரியாது, இந்த இதழ் அவர் கைக்குப் போனால் தெரிந்துவிடும்.

2025-ல் அவனுக்கு 18 ஆனது. கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்குப் போனபோது அவனே ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டினான். "ஐ.சி. காட்டி வாங்குனேண்ணே. இப்ப சட்டப்படிதான்."

21 வரைக்கும் பொறுடா என்றேன்.

"நீ எத்தனை வயசுல ஆரம்பிச்சே?"

"பத்தொன்பது."

சிரித்துவிட்டு, "நீ விடு, நானும் விடுறேன்," என்றான்.

ஒத்துக்கொண்டேன். என் பாக்கெட்டையும் அவன் பாக்கெட்டையும் சாமிமேடைக்குக் கீழே இருக்கிற டிராயரில் வைத்தோம். நான் ஹாஸ்டலுக்குத் திரும்பிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. ராத்திரி பத்து மணிக்குக் கை தானாகப் பையைத் தடவுகிறது. தினமும் அவனுக்குப் போன் போட்டு, டிராயரில் எத்தனை இருக்கு என்று கேட்கிறேன். நேற்று வரை எண்ணிக்கை குறையவில்லை என்கிறான்.