மேல்தட்டில் ஒரு மருந்து டப்பா

புவி வெப்பமடைவதால் நேரக்கூடிய கேடுகளை எண்ணி மனம் ஓயாமல் கலங்கிக்கொண்டிருக்கும் நிலையை உளவியலாளர்கள் காலநிலைப் பதற்றம் என்கின்றனர். இந்தியா உள்ளிட்ட 10 நாடுகளில், 16 முதல் 25 வயது வரையிலான 10,000 பேரிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வொன்றில், ஏறத்தாழப் பத்தில் நால்வர் குழந்தை பெற்றுக்கொள்ளத் தயங்குவதாகத் தெரிவித்தனர். பிள்ளைகளை ஏற்கெனவே பெற்று வளர்ப்பவர்களுக்கோ இக்கேள்வி வேறு வடிவில் எழுகிறது: தம் கலக்கம் பிள்ளையைத் தொற்றாமல் காப்பது எப்படி?

சென்னை வேளச்சேரியில் தரைத்தள வீடொன்றில் வாழும் ஒரு தாயின் உறக்கத்தை இக்கேள்வி கெடுத்ததற்கு மிகச் சிறிய நிகழ்ச்சியே காரணம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அவ்வீட்டுக்குள் முழங்காலளவு நீர் புகுந்தது. அப்போது நான்கு வயதாயிருந்த மகள், மறு ஆண்டு ஐப்பசி மழை வலுத்த மாலையில், யாரும் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, தன் புத்தகப்பையை அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். இறங்கிச் சென்று பாட்டியின் மருந்து டப்பாவையும் எடுத்துவந்து அதனருகில் வைத்தாள்.

பையை வைத்ததை அச்சம் என்று சொல்லிவிடலாம். மருந்து டப்பாவை அந்தக் கணக்கில் சேர்க்கத்தான் தாய்க்கு மனம் வரவில்லை. அதே வாரத்தில், கனமழை எச்சரிக்கை வந்தவுடன், அப்பகுதி மக்கள் தம் கார்களை வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினர். காரை மேட்டில் ஏற்றினால் முன்னெச்சரிக்கை, பையை ஏற்றினால் மனக்கலக்கம் என்று பிரிப்பதற்கு வயதைத் தவிர வேறு அளவுகோல் இருப்பதாகத் தெரியவில்லை.

அத்தாய் பிறந்து வளர்ந்த மாயவரத்துப் பக்கத்து வீட்டில், அடைமழைக் காலம் வருமுன்பே விதைநெல்லும் விறகும் பரணுக்குப் போய்விடும். வாசலில் ஏறும் நீரைப் பெரியவர்கள் படிக்கணக்கில் அளந்து பேசுவர். பிள்ளைகளுக்குக் கலெக்டர் பள்ளிக்கு லீவு விடுவாரா என்பது ஒன்றே கவலை. நீர் எந்தப் படியோடு நிற்கும் என்பது பெரியவர்களின் பட்டறிவில் இருந்ததால், பிள்ளைகள் கவலையின்றி இருக்க முடிந்தது. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியதையும், நான்கே ஆண்டுகளில், 2019இல், சென்னை மாநகருக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்ததையும் கண்ட தலைமுறையிடம் அந்தப் படிக்கணக்கு இல்லை.

அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் சோபல் 1996இல் எழுதிய நூலொன்றின் கருத்து, எப்போதோ படித்தது, அத்தாய்க்கு அரைகுறையாக நினைவிருக்கிறது: சுமார் பத்து வயதுவரை உலகின் சூழல் பேரழிவுகளைக் குழந்தையின் தலையில் ஏற்றாமல், முதலில் அருகிலுள்ள மரத்தோடும் குளத்தோடும் பழகவிட வேண்டும் என்பது அதன் சாரம். தொலைவில் எரியும் காட்டைப் பற்றிய பாடத்துக்கு இவ்வறிவுரை பொருந்தும். கட்டிலுக்கடியில் வந்து நின்ற நீரைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கிவிட இயலாது.

அந்நீர் வந்த வழியும் ஒன்றல்ல. வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக ஈரத்தைத் தாங்கும் என்பதால் பெருமழைகள் வலுக்கின்றன. இது எந்தக் குடும்பத்தின் கைக்கும் எட்டாதது. ஆனால் தென்சென்னையின் வெள்ளத்தை உள்வாங்கி ஒக்கியம் மடுவு வழியே வெளியேற்றும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் குப்பை கொட்டியதும் கட்டடம் எழுப்பியதும் மனிதர் செய்தவை. அவற்றைத் தட்டிக்கேட்கக் குடிமக்களால் இயலும். இவ்வேறுபாட்டை ஐந்து வயதுக் குழந்தைக்கு எவ்வாறு விளக்குவது, விளக்கினால் அதன் மனம் ஆறுமா என்பவற்றுக்குத் தாயிடம் விடையில்லை.

மீண்டும் தண்ணீர் வருமா என்று மகள் கேட்டால், வராது என்று சொல்வது எளிது. அடுத்த மழையிலேயே அச்சொல் பொய்த்துவிடக்கூடும். வந்தால் பாட்டியை யார் தூக்குவார், எந்த மாடிக்குப் போவது என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்க முடியும். அது குழந்தையின் அச்சத்தைத் தணிக்குமா, வளர்க்குமா என்பது உறுதியாகத் தெரியாத நிலையிலும், பொய்யான உறுதிமொழியைவிட அதுவே மேல்.