தம்புரா இரைச்சலா?

நாம் காது மெஷின் என்று சொல்லும் செவித்துணைக் கருவி முதலில் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. பேச்சு விட்டு விட்டு வரும். ஏசி ஓசை நிற்காமல் வரும். ஆகவே நிற்காமல் ஒலிப்பதை இரைச்சல் என்று கணக்கிட்டுக் கருவி அமுக்குகிறது. தம்புராவும் நிற்காமல்தானே ஒலிக்கிறது? புல்லாங்குழலின் நீண்ட ஸ்வரத்தையோ, தானே எழுப்பும் விசில் சத்தம் என்று நினைத்து வெட்டப் பார்க்கிறது.

இந்தக் கணக்குக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. டாக்டர் சொல்றது புரியணும், எம்ஆர்டி அறிவிப்பு கேக்கணும், அது போதும். இந்த வயசுல பாட்டு எதுக்கு?

எந்த ஓசை தேவை என்பதை அடுத்தவர் முடிவுசெய்வது சிங்கப்பூருக்குப் பழகியதுதான். 1973இல் ஒழுங்கு கெடும் என்று தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியங்களுக்குத் தடை வந்தது. 2016இல்தான் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரையிலான பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசை திரும்பியது. காவல் பார்ப்பவருக்கு அது சத்தம். காவடி சுமப்பவருக்கு அது தெம்பு. இருவர் காதும் சரிதான். ஆனால் சுமப்பவர் ஒருவர்தான்.

இன்று பல கருவிகளில் இசைக்கென்று தனி அமைப்பு உண்டு. அது இந்த அமுக்கலையும் வெட்டலையும் குறைக்கும். பதிலுக்கு, தேக்கா சந்தைக் கூட்டத்தில் பக்கத்தில் இருப்பவர் பேச்சு குழம்பும். எதை விடுவது என்பதை அணிபவர்தான் சொல்ல வேண்டும். நாமோ, "நல்லா கேக்குதா பாட்டி?" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். "என்ன கேக்க ஆசை?" என்று யார் கேட்கிறோம்?