மூன்று வருடம் என்று சொன்னவர்

லண்டனில் ஹோபர்ன் பகுதி விடுதி ஒன்றில், 1746 ஜூன் 18ஆம் தேதி, சாமுவேல் ஜான்சன் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். எதிரே நகரத்தின் பெரிய புத்தக வியாபாரிகள். ஜான்சனுக்கு வயது 36. காசில்லாமல் ஆக்ஸ்ஃபோர்டு படிப்பைப் பாதியில் விட்டவர். பள்ளிக்கூடம் நடத்திப் பார்த்து நொடித்தவர். ஒரு கண்ணில் பார்வை கிட்டத்தட்ட இல்லை. ஒன்பது வருடமாக லண்டன் பத்திரிகைகளுக்கு எழுதியும் மொழிபெயர்த்தும் வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். மாதம் பிறந்தால் சம்பளம் என்பது அவருக்கு இல்லை. அன்று அவர் ஏற்றுக்கொண்ட வேலை, ஆங்கில மொழிக்கு ஒரு முழு அகராதி. தொகை 1,500 கினி, அதாவது 1,575 பவுண்டு. உதவியாளர் கூலி, காகிதச் செலவு எல்லாம் அதற்குள்தான். எத்தனை நாளாகும்? மூன்று வருடத்தில் முடித்துவிடலாம் என்றார்.

ஆக்ஸ்ஃபோர்டு நண்பர் ஆடம்ஸுக்கு இது வேடிக்கையாகப் பட்டது. பிரெஞ்சு அகாதமியில் நாற்பது பேர் சேர்ந்து நாற்பது வருடம் செய்த வேலையல்லவா இது? ஜான்சன் உடனே கணக்குப் போட்டார். நாற்பதை நாற்பதால் பெருக்கினால் 1,600. ஆகவே ஆங்கிலேயனுக்கும் பிரெஞ்சுக்காரனுக்கும் உள்ள விகிதம் மூன்றுக்கு ஆயிரத்து அறுநூறு! அவருடைய வாழ்க்கையை எழுதிய பாஸ்வெல் இந்தப் பேச்சைப் பதிவு செய்திருக்கிறார்.

அகராதி 1755 ஏப்ரல் 15இல்தான் வெளிவந்தது. கணக்கு ஆறு வருடம் தப்பியது.

இதை எழுத்தாளரின் வாய்ச்சவடால் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஜான்சன் அப்படிச் சிரித்துவிட்டுப் போகக்கூடியவர் அல்ல. ஆழ்ந்த ஆங்கிலிக்கன் பக்தர். நரகத்துக்கு நிஜமாகவே பயந்தவர். அப்படிப்பட்டவருக்குப் பெரிய குறிக்கோள் என்பது தொழில் தந்திரம் மட்டுமல்ல, ஆன்மாவைப் பற்றிய கேள்வியும்கூட. மனிதன் தன் சக்திக்கு மிஞ்சியதைச் செய்வேன் என்று சொல்வது ஆண்டவன் கொடுத்த திறமைக்குச் செய்யும் மரியாதையா, அகந்தையா?

வேதாகமம் இதில் இரண்டு பக்கமும் இழுக்கிறது. நாளைக்கு இன்ன ஊருக்குப் போவோம், ஒரு வருடம் தங்கி வியாபாரம் செய்வோம் என்று திட்டம் போடுபவர்களை யாக்கோபின் நிருபம் கண்டிக்கிறது. கர்த்தருக்குச் சித்தமானால் என்று சொல்லுங்கள் என்கிறது. நம்மூர்க் கிறிஸ்தவக் கல்யாணப் பத்திரிகைகளில் அந்தச் சொல் இன்றும் அச்சாகிறது. இஸ்லாமிய வீடுகளில் இன்ஷா அல்லாஹ் என்பதும் இதே பணிவுதான். ஆனால் மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் தாலந்து உவமை இருக்கிறது. எஜமான் ஒருவனுக்கு ஐந்து தாலந்தும், இன்னொருவனுக்கு இரண்டும், மூன்றாமவனுக்கு ஒன்றும் கொடுத்துவிட்டு வெளியூர் போகிறான். ஒரு தாலந்து வாங்கியவன் அதை மண்ணில் புதைத்து வைத்து, திருடாமல், செலவழிக்காமல், அப்படியே திருப்பிக் கொடுக்கிறான். அவனைத்தான் எஜமான் இருளில் தள்ளுகிறான். ஜான்சனின் தூக்கத்தைக் கெடுத்தது இந்த இரண்டாவது பக்கம். அதிகம் கொடுக்கப்பட்டவனிடம் அதிகம் கேட்கப்படும் என்ற வசனம் அவர் மனதை விட்டு நீங்காமல் உறுத்தியதாகப் பாஸ்வெல் எழுதுகிறார்.

திருக்குறளிலும் இந்த இழுபறி உண்டு. 37ஆம் அதிகாரம் ஆசையை அடியோடு அறுக்கச் சொல்கிறது. அடுத்த அதிகாரம் ஊழ். விதியை மிஞ்ச ஏதுமில்லை என்று கைவிரிக்கிறது. 60ஆம் அதிகாரத்துக்கு வந்தால், நினைப்பதை எல்லாம் பெரிதாக நினை, கைகூடாவிட்டாலும் பரவாயில்லை என்கிறார் அதே வள்ளுவர். 62இல் தெய்வத்தால் ஆகாதது கூட முயற்சியால் ஆகும், விதியே புறமுதுகு காட்டும் என்று ஒரே போடாகப் போடுகிறார். ஆசையறுப்பதைத் துறவறத்தில் வைத்தார், ஊக்கத்தைப் பொருட்பாலில் வைத்தார். பால் பிரித்துச் சமாளித்தார் என்றுகூடச் சொல்லலாம். ஜான்சனுக்கு அந்த வசதி இல்லை. ஒரே ஆள் ஒரே நாளில் தாழ்மையாகவும் இருக்க வேண்டும், தாலந்துக்குக் கணக்கும் காட்ட வேண்டும். பலனில் பற்று வைக்காதே என்ற கீதையின் வழியும் எழுதிப் பிழைப்பவருக்குக் கொஞ்சம் சங்கடமானது. அவருக்குப் பலன் என்பதுதான் அந்த மாத வாடகை. அர்ஜுனனுக்கு வீட்டுக்காரர் கிடையாது.

ஃப்ளீட் தெருவை ஒட்டிய கஃப் சதுக்கத்தில் 17ஆம் எண் வீட்டை ஜான்சன் வாடகைக்குப் பிடித்தார். வீடு இன்றும் நிற்கிறது, அருங்காட்சியகமாக. மாடியின் உச்சியில் நீளமான அறை. அங்கே ஆறு உதவியாளர்கள். ஸ்காட்லாந்துக்காரர்களைக் கேலி செய்து அலுக்காத மனிதர் வேலைக்கு வைத்த அந்த ஆறு பேரில் ஐந்து பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள். வேலை நடந்த விதம் எளிது. ஜான்சன் புத்தகங்களைப் படிப்பார். பயன்படும் வாக்கியம் கண்ணில் பட்டால், எந்தச் சொல்லுக்காக அதை எடுக்கிறாரோ அந்தச் சொல்லின் கீழ் பென்சிலால் கோடிழுத்து, அதன் முதல் எழுத்தை ஓரத்தில் குறிப்பார். உதவியாளர்கள் அந்த வாக்கியங்களைத் துண்டுத் தாள்களில் எழுதிச் சேர்ப்பார்கள். இரவல் வாங்கிய புத்தகங்களும் இப்படிக் கோடு வாங்கித்தான் திரும்பிப் போயின. கொடுத்தவர்கள் அடுத்த முறை யோசித்திருப்பார்கள்.

நடுவே பெரிய சறுக்கல் ஒன்று நேர்ந்தது. அச்சுக்குப் போகும் கையெழுத்துப் படியைத் தாளின் இரண்டு பக்கமும் எழுதி வைத்துவிட்டார்கள். அச்சுக்கோப்பவருக்கு ஒரு பக்கம்தான் எழுதியிருக்க வேண்டும். மறுபடி படியெடுக்கக் காகிதத்துக்கே இருபது பவுண்டு ஆனதாம். தொகையே மொத்தமாகப் பேசப்பட்ட வேலையில் இப்படி இருபது பவுண்டு போவது எப்படிப்பட்ட வலி என்று, ஒப்பந்தத்துக்கு எழுதுகிற எவரையும் கேட்டால் சொல்வார்.

1749 முடிந்தது, அகராதி முடியவில்லை. கைச்செலவுக்குக் காசு வேண்டியிருந்தது, ஒரே வேலையில் மூழ்கிக் கிடக்கும் சலிப்பும் இருந்திருக்கும். 1750 மார்ச்சில் ‘ராம்ப்ளர்’ என்ற கட்டுரை ஏட்டைத் தொடங்கினார். செவ்வாயும் சனியும் ஓர் இதழ், இதழுக்கு இரண்டு கினி. தொடங்குமுன் ஒரு ஜெபம் எழுதிக்கொண்டார். இரண்டு வருடத்தில் 208 இதழ்கள். சிலவற்றைத் தவிர எல்லாம் அவரே எழுதியவை. அது நின்ற சில நாளிலேயே, 1752 மார்ச்சில், மனைவி எலிசபெத் இறந்தார். 1753 ஏப்ரல் 3ஆம் தேதி அகராதியின் இரண்டாம் தொகுதியைத் தொடங்கும்போது இன்னொரு ஜெபம். எடுத்த வேலையை முடிக்க அருள் கேட்கிறார், தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட தாலந்துக்குக் கணக்குக் கொடுக்க வேண்டிய நாளையும் நினைக்கிறார்.

ஆதரவு தருவதாகத் தொடக்கத்தில் தோன்றிய செஸ்டர்ஃபீல்டு பிரபு பத்துப் பவுண்டு கொடுத்ததோடு சரி. ஏழு வருடம் எட்டிப் பார்க்கவில்லை. அகராதி வரப்போகிறது என்று தெரிந்ததும் புகழ்ந்து இரண்டு கட்டுரை எழுதினார். காலம் கடந்து வந்த அந்த ஆதரவை மறுத்து 1755 பிப்ரவரியில் ஜான்சன் எழுதிய பதில் கடிதம், புரவலர்களின் காலத்துக்கே எழுதிய முடிவுரை என்று பலரும் சொல்வது வழக்கம். கொஞ்சம் மிகைதான். ‘அபிதான சிந்தாமணி’ என்ற கலைக்களஞ்சியத்தைத் தனியாளாகத் தொகுத்த சென்னைத் தமிழாசிரியர் ஆ. சிங்காரவேலு முதலியாருக்கு, பாண்டித்துரைத் தேவர் என்ற புரவலரும் மதுரைத் தமிழ்ச் சங்கமும் வந்து வாய்த்ததால்தான் 1910இல் நூல் அச்சேறியது. ஜான்சனுக்கு வாய்த்தவர் அப்படிப்பட்டவர் அல்ல.

பெரிய குறிக்கோள் அகந்தையா என்ற கேள்விக்கு ஜான்சனிடம் கிடைக்கும் பதில் அவருடைய ஜெபங்களில் இல்லை. அகராதிக்காக அவர் எழுதிய இரண்டு ஆவணங்களுக்கு இடையில் இருக்கிறது. 1747இல் வெளியிட்ட திட்ட அறிக்கையில் ஆங்கிலத்தை ஒரு நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடலாம், மேலும் கெடாமல் காத்துவிடலாம் என்ற நம்பிக்கை தெரிகிறது. எட்டு வருடம் கழித்து எழுதிய முன்னுரையில் அந்த நம்பிக்கை இல்லை. மொழி மாறிக்கொண்டேதான் இருக்கும், எந்த அகராதியும் அதைப் பாடம் பண்ணி வைக்க முடியாது என்று ஒப்புக்கொள்கிறார். எல்லாக் கலைகளையும் துருவிப் பார்த்துவிடலாம் என்று தொடங்கியதையும், ஒரு தேடல் இன்னொரு தேடலில் கொண்டுபோய் விட்டதையும், ஓரிடத்தில் நிறுத்திக்கொள்ள நேர்ந்ததையும் மறைக்கவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களையும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களையும் கையால் தொட்ட பிறகு வந்த பணிவு அது. சின்னதாக ஒரு சொற்பட்டியல் போட்டிருந்தால், மொழியை நிறுத்திவிடலாம் என்ற நினைப்பு கடைசிவரை அவரிடம் பத்திரமாக இருந்திருக்கும். அகந்தையோடு எடுத்த வேலை அகந்தையைத் தின்றுவிட்டது என்றுதான் இதைப் படிக்கத் தோன்றுகிறது. சின்ன இலக்கு வைத்துக்கொள்வதே பணிவு என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு ஆவணங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம்.

இதற்கு நேர்மாறானது அவருடைய சின்ன இலக்குகளின் கதை. காலையில் சீக்கிரம் எழுவது, ஒழுங்காகக் கோயிலுக்குப் போவது, வேதாகமம் படிப்பது, நாட்குறிப்பு எழுதுவது. பிறந்தநாள், புத்தாண்டு, ஈஸ்டர் என்று ஒவ்வொரு நாளிலும் இவற்றையே மறுபடி மறுபடி சபதம் எடுத்தார். 1764இல் தன் 55ஆவது பிறந்தநாளன்று, ஐம்பத்தைந்து வருடம் தீர்மானம் போடுவதிலேயே கழிந்ததாக எழுதினார். அடுத்த ஈஸ்டருக்கு எட்டு மணிக்கு எழுவதாகச் சபதம். எட்டு மணி ஒன்றும் அதிகாலை அல்ல என்று அவரே சொல்லிக்கொள்கிறார். ஆனால் பல நாள் மத்தியானம் இரண்டு மணிவரை படுத்துக் கிடப்பதற்கு அது எவ்வளவோ மேல். பத்து வருடம் போய், 1775 புனித வெள்ளியன்று மறுபடி அதே எட்டு மணி. இத்தனை முறை தோற்ற பின்னும் ஏன் முயல வேண்டும் என்று தன்னையே கேட்டு, திருந்துவது அவசியம், நம்பிக்கையிழப்பது குற்றம் என்று பதில் எழுதுகிறார்.

ஆக, மலை போன்ற அகராதி முடிந்தது, எட்டு மணிக்கு எழுவது முடியவில்லை. காரணம் ஊகிக்கக் கூடியதுதான். அகராதியில் எதிர்ப்பக்கம் பணம் கொடுத்த ஆட்கள் இருந்தார்கள், தாளுக்காகக் காத்திருந்த அச்சகம் இருந்தது. எட்டு மணி விஷயத்தில் எதிர்ப்பக்கம் கடவுள் மட்டும். கடவுள் மன்னித்துவிடுவார். புத்தக வியாபாரி ஆண்ட்ரூ மில்லர் அப்படியல்ல. கடைசித் தாள் கைக்கு வந்ததும், அப்பாடா, இந்த ஆளோடு தொல்லை விட்டது, கடவுளுக்கு நன்றி என்றாராம். மில்லர் எதற்காவது கடவுளுக்கு நன்றி சொல்கிறாரே, சந்தோஷம் என்றார் ஜான்சன்.

ஆட்கள் காத்திருந்தாலே போதும் என்றும் சொல்லிவிட முடியாது. ஷேக்ஸ்பியர் பதிப்புக்கு 1756இல் முன்சந்தா வாங்கினார். அடுத்த வருடக் கடைசிக்குள் தருவதாகப் பேச்சு. வந்தது 1765இல். காசை வாங்கிப் போட்டுக்கொண்டீரே, புத்தகம் எங்கே என்று சார்லஸ் சர்ச்சில் என்ற கவிஞர் பாட்டிலேயே கேலி செய்தார். 1762இல் அரசர் வருடத்துக்கு 300 பவுண்டு உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியபின் எழுதுவது இன்னும் குறைந்தது. காசு நெருக்கியபோதோ, தாயின் ஈமச் செலவுக்காக 1759இல் ‘ராசெலஸ்’ நாவலை ஒரே வாரத்து மாலை வேளைகளில் எழுதி நூறு பவுண்டுக்கு விற்றவர் இவர். காசுக்காக அல்லாமல் எழுதுகிறவன் முட்டாள் என்று சொன்னதும் இவரே. அவரைப் புனிதராக்கப் பார்ப்பவர்களுக்கு இந்த வாக்கு இடைஞ்சல். வெறும் கூலி எழுத்தாளர் என்பவர்களுக்கு அந்த ஜெபங்கள் இடைஞ்சல்.

பின்னாளில் ஒரு பைக்கடிகாரம் வைத்திருந்தார். முகப்பில் கிரேக்க மொழியில் யோவான் சுவிசேஷத்தின் வார்த்தைகள், இரவு வருகிறது என்ற பொருளில். கொஞ்ச காலத்தில் அந்த முகப்பைக் கழற்றிவிட்டார். தனக்காக என்றால் சரி, மற்றவர் கண்ணில் படும் கடிகாரத்தில் இருந்தால் பகட்டாகத் தெரியும் என்பது அவர் எண்ணம்.

தாலந்துக் கணக்கை அவர் கடைசியில் வேறொருவர் பெயரில் எழுதிப் பார்த்தார். ராபர்ட் லெவெட் என்பவர் அவர் வீட்டிலேயே தங்கியிருந்தவர்; பட்டம் பெறாத வைத்தியர். லண்டனின் ஏழைத் தெருக்களில் நடந்தே போய், கொடுத்ததை வாங்கிக்கொண்டு மருந்து கொடுப்பார். 1782 ஜனவரியில் அவர் இறந்தபோது ஜான்சன் எழுதிய இரங்கற்பாவில் தாலந்து உவமை வருகிறது. ஆனால் அங்கே ஒரே தாலந்து பெற்றவன் அதைப் புதைக்கவில்லை. நன்றாகப் பயன்படுத்தினான், எஜமானும் ஏற்றுக்கொண்டார் என்று உவமையைத் திருத்தி எழுதுகிறார். லெவெட்டுக்கு அகராதி அளவில் எந்தக் குறிக்கோளும் இருந்ததில்லை. அன்றன்றைய நோயாளி இருந்தார். அந்த வாழ்க்கைக்கு முழு மதிப்பெண் கொடுத்த ஜான்சன், தனக்கு மட்டும் கடைசிவரை கொடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குச் சில வருடம் முன், 1777இல், வியாபாரிகள் மறுபடி வந்திருந்தார்கள். ஆங்கிலக் கவிஞர்களின் தொகுப்பு போடுகிறோம், ஒவ்வொருவருக்கும் சின்னதாக முன்னுரை வேண்டும் என்றார்கள். இந்த முறை ஜான்சன் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. 200 கினி கேட்டார். ஆயிரம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்கள் என்று பின்னால் பேச்சு. சின்ன முன்னுரைகள் கைமீறி வளர்ந்து, 52 கவிஞர்களின் வரலாறுகளாகி, அவருடைய மிகச் சிறந்த நூல் என்று பலர் கருதும் அளவுக்கு வந்தன. 1781 மார்ச்சில் முடித்தார். வயது 71. வழக்கம்போல ஒத்திப்போட்டும் அவசரப்பட்டும், வேலை செய்ய மனமில்லாமலும், செய்யத் தொடங்கியபின் வேகவேகமாகவும் எழுதி முடித்ததாக அந்த வருடத்து நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.