மஞ்சள் தடவிய செய்தி

குழந்தை பிறந்தால், பெண்ணுக்கு வரன் அமைந்தால், அந்தச் சேதியைத் தாங்கிச் செல்லும் கடிதத்தின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவி அனுப்புவது நம் பழைய வழக்கம். பிரித்துப் படிக்கும் முன்பே வீட்டில் முகங்கள் மலர்ந்துவிடும். அதே நிறத்தின் பெயரால்தான், பிறர் மானத்தை விற்றுப் பிழைக்கும் ஏட்டையும் 'மஞ்சள் பத்திரிகை' என்று சொல்லுகிறோம். நல்லதற்கும் அதே நிறம், கெட்டதற்கும் அதே நிறம் என்பது விந்தைதான். ஊர்ச் செய்தியை அச்சிடுகிற ஒவ்வொருவனும் எந்த மஞ்சளைத் தொடுவது என்று தீர்மானித்தாக வேண்டியிருக்கிறது.

சென்னை நகரத்தில் தொண்ணூறுகளிலே சிறு ஏடுகள் சில பிறந்தன. 1991-இல் எஸ். முத்தையா 'மெட்ராஸ் மியூசிங்ஸ்' இதழைத் தொடங்கினார். 1994-இல் 'மயிலாப்பூர் டைம்ஸ்' வந்தது. பெரிய நாளிதழ்கள் புறக்கணித்த தெருக்களையும் மனிதர்களையும் இவை ஏறிட்டுப் பார்த்தன. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடற்கரை நிலம் கிடைத்த ஆகஸ்டு 22-ஆம் தேதியை நகரத்தின் பிறந்த நாளாகக் கொண்டாடும் பழக்கம் 2004-இல் உருவானதற்கும் இந்த ஏட்டுக்காரர்களின் ஆர்வமே காரணம். அதே ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகத்தில் சமூக வானொலி பேசத் தொடங்கியது. சில மைல் சுற்றளவுக்குமேல் அதன் குரல் எட்டாது. சொந்தமாகச் செய்தி அறிக்கை வாசிக்கவும் சமூக வானொலிக்கு அனுமதி இல்லை. அதனாலேயே அடுத்த வீட்டுக்காரரின் அனுபவம் அங்கே நிகழ்ச்சியாயிற்று.

"ஊரில் சாக்கடை வழிந்தோடுகிறது, இவர்கள் மாட வீதிக் கோலப் போட்டியின் முடிவைப் போடுகிறார்களே!" என்று என் நண்பர் ஒருவர் கேலி செய்வார். கேலியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நான் அவரைத் திருப்பிக் கேட்பதுண்டு: "உங்கள் தெருவின் பெயர் பெரிய பத்திரிகையில் எப்போது வந்தது?" ஒரே ஒரு முறை வந்ததாம்; அங்கே ஒரு கொலை நடந்தபோது. நாற்பது வருஷமாக அந்தத் தெருவில் மனிதர்கள் கல்யாணம் செய்திருக்கிறார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள், நோயாளிக்குக் கஞ்சி கொடுத்திருக்கிறார்கள். உலகத்துக்குத் தெரிந்ததோ ஒரு கொலை. கொலைச் செய்தியில் ஓர் எழுத்தும் பொய் இல்லை. ஆனாலும் அந்தத் தெருவைப் பற்றி உலகம் கொண்டிருக்கிற சித்திரம் பொய்யானது. நல்லதைச் சொல்லாமல் விடுவதும் ஒருவகைப் பொய்தான்.

அப்படியானால் நல்லதை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கலாமா? இங்கேதான் தர்மசங்கடம் ஆரம்பமாகிறது.

2015 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது, அடையாறு கரைபுரண்டது. 1878-இல் தொடங்கிய 'இந்து' நாளிதழின் சென்னைப் பதிப்பே டிசம்பர் 2-ஆம் தேதி வெளிவரவில்லை. எந்தத் தெருவில் படகு இருக்கிறது, எந்த வீட்டில் குழந்தைக்குப் பால் இல்லை என்ற சேதிகளை மனிதர்கள் தங்களுக்குள்ளே கைமாற்றிக்கொண்டார்கள். குப்பங்களிலிருந்து மீனவர்கள் படகுகளோடு வந்தார்கள். வெளி மாவட்டங்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்து நகரத்தின் அழுகலை வாரினார்கள்.

வெள்ளம் வடிந்ததும் பாராட்டு வெள்ளம் பெருகியது. 'சென்னையின் உள்ளம்' என்றார்கள்; நகரமே தன் முதுகைத் தட்டிக்கொண்டது. அந்தப் பாராட்டில் பொய் இல்லை. ஆனால் அதன் இரைச்சலில் இரண்டு கேள்விகள் அமுங்கிப் போயின. வெள்ளம் ஏன் வந்தது என்பது ஒன்று. அது மனிதர்களால் நேர்ந்த பேரழிவு என்று தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை 2018-இல் சட்டமன்றத்தின் முன் வந்தபோது, நம்மில் எத்தனை பேர் அதைப் படித்தோம்? கையுறைகூட இல்லாமல் அழுகலை வாரியவர்கள் எங்கே போனார்கள் என்பது இன்னொன்று. நாம் 'உள்ளம்' என்று புகழ்ந்தது பெரும்பாலும் நம்மைப் போன்றவர்களின் உள்ளத்தையே.

வள்ளுவர் நன்றிக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதற்குச் 'செய்ந்நன்றி கூறல்' என்று பெயரிடவில்லை. 'செய்ந்நன்றி அறிதல்' என்றார். கூறுவது எளிது, மாலையும் பொன்னாடையும் போதும். அறிவதென்றால், செய்தவர் யார், அதற்கு அவர் கொடுத்த விலை என்ன, அந்த உதவி தேவைப்படும் நிலை ஏன் வந்தது என்றெல்லாம் விசாரிக்க வேண்டும். விசாரித்தால் மனம் குறுகுறுக்கும். அந்தக் குறுகுறுப்பைத் தாங்காத பாராட்டை நான் நன்றி என்று ஒப்புவதில்லை.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஓர் அம்மாள், ஏழைப் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் காசு வாங்காமல் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். பேட்டை ஏட்டில் அவருடைய புகைப்படம் வந்தது. அடுத்த வாரமே ஓய்வுபெற்ற இரண்டு பேர், "நாங்களும் சொல்லிக்கொடுக்கிறோம்" என்று வந்து சேர்ந்தார்கள். இது நல்ல செய்தியின் வெற்றி. ஆனால் அந்த அம்மாள் என்னிடம் சொன்னது வேறு: "எல்லாரும் என்னை வாழ்த்துகிறார்கள், சார். இந்தப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் இல்லையே, ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை." அந்த ஒரு வாக்கியமும் புகைப்படத்தின் கீழே வந்திருந்தால் செய்தி முழுமை பெற்றிருக்கும். மகிழ்ச்சி அதனால் ஒரு மாற்றுக் குறைந்திருக்காது.

பேட்டை ஏட்டுக்கு ஒரு பலம் உண்டு. அது பொய் சொன்னால் மறுநாள் காலையிலேயே பால் பூத்தில் அகப்பட்டுக்கொள்ளும். புகழப்பட்டவரை எல்லாருக்கும் தெரியும். அதற்கு ஒரு பலவீனமும் உண்டு. அதற்கு விளம்பரம் கொடுத்துக் காப்பாற்றுகிறவரும் அதே தெருக்காரர்தான். அவர் நடைபாதையை அடைத்துக் கடை போட்டால், ஆசிரியரின் பேனா தயங்கும். அப்போது கோலப் போட்டியின் படம் சற்றுப் பெரிதாகிவிடும்! அந்தத் தயக்கத்தை வெல்லும் துணிவை வாசகர்கள்தாம் கொடுக்க வேண்டும். இனிப்பை மட்டுமே கேட்டுப் பழகிய வாசகனுக்கு ஏடு இனிப்பைத்தான் கொடுக்கும்.

கோலத்தின் படம் வரட்டும். அதை இழைத்தவரின் பெயரைத் தெரிந்துகொள்வதில் எனக்கும் ஆசை உண்டு. விடியற்காலையில் அந்த வீதியைக் கூட்டிக் கொடுத்தவரின் பெயரும் அதே பக்கத்தில் வரட்டும். அவருக்குச் சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று அடுத்த இதழில் யாராவது கேட்டு எழுதட்டும்.