மகனுக்கு இளமை, பெரியவருக்கு முதுமை

கி.மு. 441 வாக்கில் ஏதென்ஸில் மேடையேறிய நாடகம், சோபாக்ளீஸின் ‘ஆன்டிகனி’. தீப்ஸ் நகரின் மீது படையெடுத்து வந்து மாண்டவன் பாலினைசிஸ். அவன் உடலை யாரும் அடக்கம் செய்யக் கூடாது என்று அரசன் கிரியோன் ஆணையிடுகிறான். மீறியவள் உடன்பிறந்தவளான ஆன்டிகனி. கிரியோன் அவளுக்குத் தாய்மாமன். அவன் மகன் ஹீமோனுக்கு நிச்சயித்திருந்த பெண்ணும் அவளே.

ஹீமோன் தந்தையிடம் சீறிக்கொண்டு வரவில்லை. ‘நான் உங்கள் பிள்ளை’ என்று பணிவோடுதான் தொடங்குகிறான். உங்கள் முன் பேச அஞ்சும் மக்கள் மறைவில் அந்தப் பெண்ணுக்காக இரங்குகிறார்கள் என்கிறான். வெள்ளத்தில் வளைந்து கொடுக்கும் மரம் பிழைக்கும், விறைத்து நிற்பது வேரோடு போகும் என்கிறான். கிரியோனுக்கு உறைத்தது ஒன்றுதான்: இந்த வயதில், இந்தப் பையனிடமா நான் பாடம் கேட்பது?

இதை இளமைக்கும் முதுமைக்கும் நடந்த மோதல் என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை. பிணத்தின் மேல் மண் விழுந்தது தெய்வச் செயலோ என்று ஊர்ப் பெரியவர் முன்பே கேட்டிருந்தார். வயதானதோடு புத்தியும் போயிற்றா என்று அவர் வாயை அடைத்தவனும் இதே கிரியோன்தான். பிறகு, பிடிவாதத்தை விடு என்று மகன் சொன்னதையே பார்வையற்ற முதிய ஞானி டைரீசியஸ் சொல்கிறார். அவர் காசுக்கு விலைபோனவராம்! மகனுக்கு இளமை, பெரியவருக்கு முதுமை, ஞானிக்குக் காசு. ஆளுக்கொரு குற்றம் கண்டானே தவிர, மூவர் சொன்னதையும் அவன் எடைபோடவே இல்லை.

டைரீசியஸின் வாக்கு ஒருநாளும் பொய்த்ததில்லை என்று பெரியவர்கள் சொன்ன பிறகே இறங்கி வருகிறான். ஆணையை மீறியதற்காகக் குகையில் அடைத்த ஆன்டிகனியை முதலில் விடுவிக்கச் சொல்கிறார்கள். அவனோ பிணத்தை அடக்கம் செய்துவிட்டுப் போகிறான். அதற்குள் அவள் தூக்கிட்டுக்கொண்டாள். ஹீமோன் தந்தை மீது வீசிய வாள் தவறிவிட, அதைத் தன் விலாவிலேயே பாய்ச்சிக்கொள்கிறான். செய்தி கேட்டுத் தாய் யூரிடிசியும் உயிரை விடுகிறாள்.

அந்தப் பெரியவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. தந்தையும் மகனும் வாதிட்டபோது, இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு என்று நழுவினார்கள். ஹீமோன் வெளியேறியதும், சகோதரிகள் இருவரையுமா கொல்லப்போகிறாய் என்று கேட்டார்கள். அந்த ஒரு கேள்விக்கே ஆன்டிகனியின் சகோதரி இஸ்மினி தப்பினாள். ஆன்டிகனிக்காகப் பரிந்து பேச அப்போது ஒருவரும் வாய் திறக்கவில்லை.