பிள்ளை வளர்ப்பு யார் கடன்?

ஏழை வீட்டுக் குழந்தை நோஞ்சானாக வளர்ந்தால் பொறுப்பு யாருடையது? தமிழ் மரபில் இதற்கு முன்வினை என்றும் விடை உண்டு, கடமை என்றும் விடை உண்டு. அறத்துப்பாலை ‘ஊழ்’ அதிகாரத்தோடு முடிக்கும் திருக்குறள், பொருட்பாலில் ஊழையும் முயற்சியால் வெல்லலாம் என்று ‘ஆள்வினையுடைமை’யில் சொல்கிறது. புறநானூற்று 312ஆம் பாட்டோ மகனை ஆளாக்கும் கடமையைத் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் எனப் பங்கிட்டுவிடுகிறது. போருக்குப் பிள்ளை வளர்த்த காலத்துப் பாட்டுதான். ஆனாலும் பாரம் முழுவதையும் தாய் தலையில் அது கட்டவில்லை.

தென்சென்னைப் புறநகரில் இந்தப் பங்கீடு குலைந்துபோனது. 2000ஐ ஒட்டிக் கண்ணகி நகர், 2004 சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பின் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகள் எனக் குப்பங்களிலும் ஆற்றோரங்களிலும் வாழ்ந்தவர்கள் இங்கே குடியேற்றப்பட்டார்கள். அங்கேயும் வறுமை இருந்தது. கூடவே பாட்டி, சித்தி, எதிர்வீட்டு அக்கா என்று பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆட்களும் இருந்தார்கள். குடிபெயர்ந்தபோது பல குடும்பங்களில் அந்த ஆட்கள் சிதறிப்போனார்கள். வீட்டுவேலை பழைய இடத்திலேயே இருப்பதால் தாய் விடியுமுன் பிள்ளைக்கு மை தீட்டி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்துவிட்டு பஸ் ஏறுகிறாள். மதியம் சோறு பிசைந்து ஊட்ட ஆளில்லை. பள்ளிக்கு மட்டம் போட்ட அக்காக்காரி பன்னை டீயில் நனைத்துக் கொடுக்கிறாள்.

வடகிழக்கு பிரேசிலின் சேரித் தாய்மார்களைப் பற்றி மானிடவியலாளர் நான்சி ஷெப்பர்-ஹியூஸ் 1992இல் எழுதிய நூல், பிழைக்காது என்று தோன்றிய சிசுவிடம் தாய் மனதை ஒட்டவிடாமல் காப்பதுண்டு என்றது. வறுமை பாசத்தையே மாற்றிவிடும் என்பது அவர் வாதம். செம்மஞ்சேரிக்கு அது அப்படியே பொருந்தாது. இங்கே குறைந்தது பாசம் அல்ல, கைகள்.

‘என் தலையெழுத்து’ என்று அந்தத் தாய் சொல்வதில் மறுநாளும் வேலைக்குப் போகும் தெம்பு இருக்கிறது. ‘அந்த ஜனங்க வளர்ப்பே அப்படித்தான்’ என்று மேசைக்குப் பின்னால் இருப்பவர் சொன்னால் கதை வேறு: ஊழ் இருந்த இடத்தில் இப்போது கலாச்சாரம் உட்கார்ந்திருக்கிறது, பொறுப்பு மட்டும் அதேபோல் நழுவிவிடுகிறது.

அரசு தன் பங்கை ஏற்காமலும் இல்லை. 1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. தட்டில் சோறு விழுந்தது பெரிய காரியம். ஆனால் அங்கன்வாடி மையத்துக்கு நடந்து போக முடியாத கைக்குழந்தைக்கு வீட்டுக்கு வருவது சத்துமாவுப் பொட்டலம்தான். அதைக் கிண்டி ஊட்ட ஒருவர் வேண்டும். தாய் திரும்பும்வரை திறந்திருக்கும் குழந்தைக் காப்பகம் குடியிருப்புக்கு உள்ளேயே இருந்தால் அக்காக்காரியும் பள்ளிக்குப் போகலாம்.