கண்ணீருக்கு எத்தனை விநாடி?

நிதி திரட்டும் வீடியோ எடுப்பவர்களுக்கு எழுதப்படாத விதி ஒன்று உண்டு: முதல் சில விநாடிகளுக்குள் பார்ப்பவரின் கட்டைவிரல் நின்றுவிட வேண்டும். அதை நிறுத்தச் சுலபமான வழி கண்ணீர்.

ஈப்போவுக்கு வெளியே, பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்ட ஒரு பழைய தோட்டம். இன்னமும் லயத்தில் இருக்கும் ஒரு பாட்டியின் கூரையை மாற்ற நண்பர்கள் இரண்டு நிமிட வீடியோ எடுத்தார்கள். எடிட்டிங் என் வேலை. பாட்டி பெரட்டுக்கு ஓடிய கதையையும் மங்கு கழுவிய கதையையும் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருந்தார். “நல்லா இருக்கு, ஆனா காசு வராது. கண்ணு கலங்குற இடம் இருந்தா முதல்ல போடு” என்றார் நண்பர். அவர் கெட்டவர் இல்லை. கூரை ஒழுகுவதும் பொய் இல்லை. பிறகு எது உறுத்துகிறது?

ஓர் ஆளை அவருடைய தேவையாக மட்டும் சுருக்கிவிடுவதுதான். ஆயுள் முழுக்கப் பால் வெட்டியவர் இரண்டு நிமிடத்தில் ஓர் ஒழுகும் கூரையாகிவிடுகிறார். ‘சம்மதம் வாங்கிட்டுத்தானே எடுத்தோம்’ என்போம். கூரை வேண்டியவர் எப்படி மாட்டேன் என்பார்? நிதி திரட்டல் ஒரு மாதத்தில் முடியும், வீடியோ முடியாது. நாளை பேத்தி வேலை பார்க்கும் இடத்திலும் அதை யாராவது பகிர்ந்துகொண்டிருப்பார்கள்.

வள்ளுவர் ‘இரவு’ என்று ஓர் அதிகாரம் எழுதிவிட்டு, அடுத்ததாகவே ‘இரவச்சம்’ எழுதினார். கேட்பதும் உண்டு, கேட்கக் கூசுவதும் உண்டு. இரண்டையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

நம் தோட்டங்களில் இன்னொரு விதமாகவும் கேட்டிருக்கிறார்கள். 1950களில் ஆங்கிலேய முதலாளிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டுபோட்டார்கள். லயம் தோட்டத்துக்குச் சொந்தமென்பதால் வேலையோடு வீடும் போனது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய் மாதம் 10 வெள்ளி கேட்டார். யாரிடம்? வீட்டை இழக்கவிருந்தவர்களிடமே. அன்றைய கூலிக்கு அது சின்னக் காசில்லை. அந்தக் காசில்தான் கெடாவின் புக்கிட் சிடிம் உட்படத் தோட்டங்கள் வாங்கப்பட்டன. அவர் கேட்டது இரக்கத்தை அல்ல, பங்கை. கொடுத்தவர் உரிமையாளர் ஆனார்.

எல்லாராலும் பங்கு போட முடியாது என்பதும் உண்மை. அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் குழந்தையின் அப்பாவிடம் போய் மானம் பற்றிப் பேசுவது வயிறு நிறைந்தவர்களின் வேலை. கண்ணீர் காட்டாத வீடியோவுக்குக் காசு குறையலாம். அந்த நஷ்டம் நம்முடையதல்ல. மழை நம் தலையில் ஒழுகப்போவதில்லை.

அதனாலேயே அந்த முடிவும் நம்முடையதாக இருக்கக்கூடாது. இரண்டு விதமாக எடிட் செய்து, உரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டலாம். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: “நீங்க எதைச் சொன்னாலும், எதுவுமே வேண்டாம்னு சொன்னாலும், கூரைக்கு நாங்க அலைவோம்.” வேண்டாமென்று சொன்னால் உதவி போய்விடுமென்ற பயம் இருக்கும்வரை, நாம் வாங்கியது சம்மதம் ஆகாது.

அப்படியும் ஒருவர் ‘நான் அழுததையே போடுங்க’ என்றால் போட வேண்டியதுதான். அப்போது அந்தக் கண்ணீர் அவர் போட்ட பங்கு.